மஞ்சளின் நற்பெயரில் விற்கப்படும் மாத்திரை

வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற வடசென்னை விம்கோ நகரிலும், அதை அடுத்த திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பகுதிகளிலும் முழங்கால் வலி உழைப்போடு சேர்ந்தே வருகிறது. பாரம் தூக்குவதும், குந்தியும் மண்டியிட்டும் நெடுநேரம் வேலை செய்வதும் மூட்டுத் தேய்மானத்துக்கு, அதாவது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்து மூட்டு முழுவதுமே சீர்கெடும் நோய்க்கு, வழிவகுக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்தவர்களிடமும், மீன்கூடை சுமந்த பெண்களிடமும், “மஞ்சளிலிருந்து எடுத்தது, பக்க விளைவே கிடையாது, தேய்ந்த மூட்டு திரும்ப வளரும்” என்ற வாக்குறுதியோடு குர்குமின் மாத்திரை வந்து சேர்கிறது. இந்த வாக்குறுதியில் மஞ்சளிலிருந்து எடுத்தது என்பது மட்டுமே உண்மை. மற்றவை மஞ்சளின் நற்பெயரைக் கடன் வாங்கிச் சொல்லப்படுபவை.

குர்குமின் என்பது மஞ்சளுக்கு நிறம் தரும் வேதிப்பொருள். 1815இலேயே அது பிரித்தெடுக்கப்பட்டது. மஞ்சள்தூளில் அதன் பங்கு ஏறக்குறைய 3 சதவீதம்தான் என்பதால், குழம்பிலும் ரசத்திலும் நாள் முழுவதும் 2 கிராம் தூள் சேர்ந்தாலும் உடலுக்குள் போவது சுமார் 60 மில்லிகிராம். 95 சதவீதச் செறிவுள்ள 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலோ 475 மில்லிகிராம் இருக்கிறது. அவ்வளவையும் சமையலில் பெற வேண்டுமானால் சுமார் 16 கிராம் தூள் வேண்டும், காலையும் இரவும் ஒன்று என்றால் 32 கிராம். அந்த அளவில் எந்தத் தமிழ்க் குடும்பமும், எந்தத் தலைமுறையிலும், நாள் தவறாமல் மஞ்சள் உண்டதில்லை. ஆகவே தலைமுறைகளின் சமையல் அனுபவம் சமையல் மஞ்சளுக்குச் சான்றாகுமே தவிர, செறிவூட்டிய சாற்றுக்குச் சான்றாகாது.

இந்த இடத்தில் காப்புரிமை வழக்கு எடுத்துக்காட்டப்படுவதுண்டு. மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவதற்காக மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையை இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்து வாதிட்டு 1997இல் ரத்து செய்ய வைத்தது. அது பெருமைக்குரிய வெற்றி, அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே ஆராயப்பட்டது, அந்தப் பயன்பாடு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதா, முன்பே அறியப்பட்டதா என்ற ஒன்றே. முழங்காலைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ அந்தத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நாட்டின் உரிமைக்காகப் பெற்ற வெற்றியை ஒரு விற்பனைப் பொருளின் தரச்சான்றாக மாற்றுவது அந்த வெற்றிக்கே இழைக்கப்படும் அநீதி.

குர்குமினின் பெரிய குறை, குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பது. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு உயர்ந்ததாகக் கண்டனர். விளம்பரங்கள் இந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுகின்றன. அது எப்படி நிகழ்கிறது என்பதை மட்டும் அச்சிடுவதில்லை. அயற்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளைப் பைப்பரின் தடுக்கிறது. அதே தடையால் வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் போன்ற மருந்துகளும் இரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கக்கூடும். முட்டி வலிக்காரர்களில் பலர் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் ஏற்கெனவே மாத்திரை விழுங்குபவர்கள் என்பதை நினைத்தால், இது சிறிய செய்தியாகாது.

மூட்டு வலிக்கு இதனால் பயனே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. தாய்லாந்தில் 367 நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், நான்கு வாரங்களில் மஞ்சள் சாறு வலிமருந்தான ஐபுப்ரோஃபென் அளவுக்கு வலியைக் குறைத்தது. ஆனால் அங்கே மருந்தற்ற போலி மாத்திரை, அதாவது பிளசிபோ, கொடுக்கப்பட்ட மூன்றாவது குழு இல்லாததால், அந்தத் தணிவில் மருந்தின் பங்கு எவ்வளவு, எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அந்தக் குழுவையும் வைத்து 70 பேரிடம் 12 வாரம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது: வலி போலி மாத்திரைக் குழுவைவிட ஓரளவு கூடுதலாகக் குறைந்தது, எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டின் நீர்வீக்கத்திலோ குருத்தெலும்பின் நிலையிலோ மாற்றம் காணப்படவில்லை. கிடைப்பது சில வாரத் தணிவு, அதுவும் சிலருக்கு. தேய்ந்த மூட்டு வளரும் என்பது துணிந்து சொல்லப்படும் பொய்.

பக்க விளைவு இல்லை என்பது அதனினும் கொடிய பொய். மருந்துகளால் நேரும் கல்லீரல் சேதத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பதிவு செய்தது; ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார், எழுவரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை காணப்பட்டது. இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் இதே ஆபத்தைப் பற்றி எச்சரித்துள்ளன. இத்தகைய பாதிப்பு அரிதானது. ஆனால் யாருக்கு வரும் என்று கடைக்காரர் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தியாவில் இம்மாத்திரைகளில் பல மருந்துச் சட்டத்தின் கீழன்றி, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சத்துப்பொருளாக விற்கப்படுகின்றன. அதனால் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய அவற்றுக்கு உரிமை கிடையாது. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற அறிவிப்பும் உறையில் இருந்தாக வேண்டும். அந்த அறிவிப்பை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுவது மருந்துக்கடைக்காரரின் கடமை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, உடல் எடைக் குறைப்பு, டைக்ளோஃபினாக் களிம்பு ஆகியவற்றுக்கு இதைவிட உறுதியான ஆய்வுச் சான்று உண்டு. பயிற்சியை அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவிலேயே கற்றுக்கொள்ளலாம். இத்தனைக்குப் பிறகும் மாத்திரையைத் தொடர விரும்புவோர் அதைத் தம் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு, மாத்திரைப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ சென்று கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.