இடித்த மைதானமும் காத்த மைதானமும்

சேர்வராயன் மலையில் எதற்குப் பஞ்சம் என்று கேட்டால், சமதளத்துக்குத்தான் பஞ்சம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்தால், காபியும் மிளகும் ஆரஞ்சும் சரிவெல்லாம் செழித்து நிற்கின்றன. ஆனால் பக்கத்துக்குப் பதினொரு பேர் நின்று பந்து உதைக்க ஓர் இடம் வேண்டுமென்றால் தேட வேண்டும். 1917-ல் தொடங்கிய மான்ட்போர்ட் போன்ற பெரிய பள்ளிகளுக்கு மைதானக் கவலை இல்லை. மலைக் கிராமத்துப் பையனுக்கு வாய்ப்பதோ, சற்றுப் பலமாக உதைத்தால் பந்து சரிவில் உருண்டு தோட்டத்துக்குள் மறைந்துவிடும் ஒரு மேடு. அதையும் வளைத்து விடுதி கட்ட ஆசைப்படுகிறவர்களுக்குக் குறைவில்லை.

"போனால் போகட்டும், வேறு இடத்தில் ஆடினால் போயிற்று" என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல, நம்மவர்கள் திரளாக வாழும் சிங்கப்பூர்வரை ஒரு நடை போய் வருவோம். கால்பந்தாட்டத்தில் அந்த ஊர் அணிக்குப் பழைய வீடுகள் இரண்டு இருந்தன. ஒன்றை இடித்தார்கள், மற்றொன்றை வைத்துக்கொண்டார்கள்.

முதல் வீடு ஜாலான் புசார் மைதானம். 1929-ல் திறந்தது. தமிழ்க் கடைகள் நிறைந்த செராங்கூன் சாலைக்கு வெகு அருகில் இருப்பது. மலாயாக் கோப்பை ஆட்டங்களுக்கு அங்கே கூட்டம் நெரிந்தது. இடம் போதாமற்போகவே, 1973-ல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கைத் திறந்தார்கள். 55,000 பேர் கொள்ளும் அரங்கம்!

அங்கே எழுந்த ஆரவாரத்துக்கு 'காலாங் கர்ஜனை' என்றே பெயர் வந்துவிட்டது. மூலையிலிருந்து வாழைப்பழம்போல் வளைத்து உதைப்பதில் பேர்போன எஸ். ராஜகோபாலை அந்தக் காலத்து ரசிகர்கள் மறக்கமாட்டார்கள். பிற்பாடு வி. சுந்தரமூர்த்தி வந்தார், பந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டதா என்று எதிரணி திகைத்தது. அரங்கில் சொகுசு ஒன்றும் பெரிதாக இல்லை. வெறும் பலகை இருக்கை. மழை வந்தால் பெரும்பாலோர் நனைய வேண்டியதுதான். நனைந்தார்கள், எழுந்து போகவில்லை. அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை, பின்னாளில் தன் பிள்ளையை அதே பலகைக்கு அழைத்து வந்தான்.

2007-ல் அரங்கை மூடினார்கள். 2010-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பலகைகளில் சில பொது இடங்களில் பெஞ்சுகளாகப் போட்டிருக்கின்றன. முதுகு வலிக்க உட்கார்ந்த பலகையை எதற்குப் போற்றுகிறார்கள் என்று கேட்பவன் கால்பந்து ரசிகனாக இருக்க முடியாது!

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. புதிய அரங்கு எழும்பி முடிய 2014 ஆகிவிட்டது. இடையில் 2012-ல் சிங்கப்பூர், லயன்ஸ் டுவெல்வ் என்ற அணியை மலேசிய லீகில் இறக்கியது. எங்கே ஆடுவது? 1929-ன் ஜாலான் புசார் இருந்ததே! 2003-ல் அதைப் புதுப்பித்து வைத்திருந்தார்கள். சில ஆயிரம் பேர்தாம் கொள்ளும். ஆனால் ரசிகனின் மூச்சு ஆட்டக்காரன் கழுத்தில் படும் நெருக்கம். அங்கே ஆடிய அணி 2013-ல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தையே வென்றது. பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே சுந்தரமூர்த்தி!

புதிய தேசிய அரங்கைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. திறந்து மூடும் கூரை, வெயிலும் மழையும் படாத வசதி எல்லாம் பிரமாதம். என்றாலும் 2014 அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் மோதியபோது, புல் சரியாகப் பிடிக்காத தரை உலகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. நிர்வாகம் ஒரு தனியார் கூட்டமைப்பிடம் இருந்தது. 2022 டிசம்பரில் அதை அரசே எடுத்துக்கொண்டது. பணத்தால் கட்டிடம் வரும். பழக்கம் வர ஒரு தலைமுறை ஆகும்.

சிங்கப்பூர் செல்வமுள்ள நாடு. ஒன்றை இடித்தாலும் இன்னொன்று கட்டும், காத்திருக்கும் காலத்துக்கு மூன்றாவது ஒன்றும் கையில் இருக்கும். சேர்வராயன் மலைக் கிராமத்துக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அது போனால் மலையை வெட்டித்தான் மறு மைதானம் உண்டாக்க வேண்டும். மலையை வெட்டக்கூடாது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஏற்காடு ஒன்றியத்தில் பிள்ளைகள் ஆடிவரும் ஒவ்வொரு திடலையும் வருவாய்த் துறையினர் அளந்து, எல்லைக் கல் நட்டு, 'விளையாட்டுத் திடல்' என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒருவர் தோட்டத்து நிலமாக இருந்தால் உரியவரிடம் பேசி முடிவு காணட்டும். மே மாதக் கோடை விழாவுக்கு மலையேறி வரும் அதிகாரிகள், மலர்க் கண்காட்சியைப் பார்த்த கையோடு இரண்டு கிராமங்களுக்காவது நேரில் போகலாம். மாலை நாலரை மணிக்குப் போனால் திடல் எது என்று யாரையும் விசாரிக்க வேண்டியிராது. கூச்சலே வழி காட்டும்.