அருகிருந்த சென்னையைத் தொலைவாக்கியவர் யார்?

பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். சிறிய விமானமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தூரம். ஆயினும், பல தசாப்தங்களாகச் சென்னைக்குப் பறக்க விரும்பிய யாழ்ப்பாணத்தவர் முதலில் நேரெதிர்த் திசையிலே தெற்கே கட்டுநாயக்காவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. இரவெல்லாம் பேருந்தில் இடிபட்டுச் சென்று, அங்கிருந்து புறப்பட்ட ஊரையும் கடந்து மீண்டும் வடக்கே பறந்தனர். நேர்கோட்டில் அளந்தாலும் பலாலி முதல் கட்டுநாயக்கா வரை 290, அங்கிருந்து சென்னைக்கு 645. ஆக 935 கிலோமீற்றர். இயற்கை வகுத்த தூரம் 355. எஞ்சிய 580 கிலோமீற்றரை எம் தலையில் சுமத்தியவர் யார்?

வரலாறு விடை கூறும். எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறை வழியாகவே சென்னையை அடைந்தது. இந்நாட்டின் முதல் வான்சேவைக்கே எமது மண் வாசலாயிருந்தது! பின்னர் அந்நிறுவனம் மறைந்தது, போர் மூண்டது, வாசல் அடைபட்டது. 2009இல் போர் முடிந்த பின்னும் பத்தாண்டுகள் காத்திருந்தோம். 2019 ஒக்டோபரில் பலாலியைச் சர்வதேச விமான நிலையமெனத் திறந்தபோது, புதிய வரம் அருளியவர்போல் ஆட்சியாளர் பேசினர். பறித்ததைத் திருப்பித் தருவது வரமாகுமா?

அவ்வாசலும் நிலைக்கவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் இரு நிலையங்களும் ஓய்ந்தன. கட்டுநாயக்கா 2021 சனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது. பலாலிக்குச் சென்னை விமானம் மீண்டும் வந்ததோ 2022 டிசம்பர் 12ஆம் திகதி! நோய் இரு இடத்துக்கும் ஒன்றே. அக்கறை மட்டும் ஒன்றாயிருக்கவில்லை.

இன்று சேவை நடைபெறுகிறது, மகிழ்கிறோம். மருத்துவரும் வழக்கறிஞரும் மாணவரும் இதனாற் பயன்பெறுவர். ஆனால் வருபவை சிறிய ஏ.டி.ஆர். விமானங்களே. பெரிய விமானம் இறங்க நெடிய ஓடுபாதை வேண்டுமென்பர். இங்கேதான் எமது கமக்காரர் விழித்திருக்க வேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்மண் தோட்டங்களை விட்டு விரட்டப்பட்டனர். வெங்காயமும் வாழையும் விளைந்த அந்நிலத்தின் ஒரு பகுதி இன்றும் படையினரின் வேலிக்குள்ளே கிடக்கிறது. விமானத்தின் பெயரால் அந்த வேலியை நிரந்தரமாக்க முனைந்தால், அதனை நாம் அபிவிருத்தியென்று ஏற்கமாட்டோம்.

படித்தவனுக்கு விமானம், உழுபவனுக்கு நிலம் என்று எம்மை இரு கூறாக்க எவரும் எண்ணவேண்டாம். எமக்கு இரண்டும் வேண்டும். ஓடுபாதைக்கு உண்மையிலே தேவைப்படும் நிலம் எவ்வளவென்பதை உரியவர் முன்னிலையில் வெளிப்படையாக அளந்து, நியாயமான விலை கொடுங்கள். எஞ்சிய ஒவ்வொரு பரப்பையும் அதன் சொந்தக்காரரிடம் ஒப்படையுங்கள்.

சென்னை எமக்கு எப்போதும் அருகிலேயே இருக்கிறது. இடையே நிற்கும் வேலியை அகற்றுங்கள்!