செம்பும் தவளைத் தோலும்

செம்பு தண்ணீரைச் சுத்தப்படுத்தும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை; கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலும் பிரீமாண்டிலும் குடியேறிய பின்னரும் செப்புக் குடத்தைக் கைவிடாத தமிழ்க் குடும்பங்கள் பல. குடத்தின்மேல் எனக்கு வழக்கில்லை; செம்பு கிருமிகளைக் கொல்லும் என்பது பரீட்சையில் தேறிய உண்மை. ஆனால் கிருமியைக் கொல்வதனாலேயே மற்ற ஜீவன்களுக்கு அது நன்மை செய்யும் என்றும், குளத்துப் பாசியை ஒழிக்கச் செப்பு உப்பாகிய மயில்துத்தத்தைத் தாராளமாகக் கொட்டலாம் என்றும் முடிவு கட்டுவது கண்டனத்துக்குரியது.

அக்குளத்தில் வாழும் தவளைக்குத் தோல் வெறும் போர்வையன்று. உப்பு அருகிய நன்னீரிலிருந்து சோடியத்தை உள்ளிழுத்து உடலின் சமநிலையைக் காப்பதும், அவ்வேலையின் காரணமாகத் தன் இருபுறங்களுக்கும் இடையே பல மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்பதும் அத்தோலே. அந்த அழுத்தத்தைச் சூன்யமாக்கும்போது பாயும் மின்னோட்டம், உள்ளே செல்லும் சோடியத்தின் நிகர அளவுக்குச் சமம் என்பதை டென்மார்க் தேசத்து உஸ்ஸிங்கும் ஸெரானும் 1951இல் நிரூபித்தார்கள். அத்தோலின் வெளிப்புறத்தில் செப்பு உப்பைச் சிறிதளவு சேர்த்தால் மின்னழுத்தம் உயர்கிறது. செம்பு வலுவூட்டுகிறது என்று அதன் பக்தர்கள் மகிழ வேண்டியதில்லை. சோடியத்தைப் பின்தொடரும் குளோரைடின் வழி அடைபட்டதால் நேர்ந்த உயர்வு அது. கண்ணுக்குத் தவளை முன்போலவே இருக்கும். அதன் தோலின் வேலையோ மாறிவிட்டிருக்கும்.

"மனிதர் குடிக்கும் பொருள் தவளையை என்ன செய்யும்?" என்று கேட்பார் உண்டு. அமெரிக்காவில் குழாய்த் தண்ணீரின் செம்புக்கு வகுத்த நடவடிக்கை வரம்பு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம்; கலிபோர்னியாவின் நன்னீர் உயிர்களைக் காக்க 2000ஆம் ஆண்டில் வகுத்த விதியோ, மிதமான கடினத்தன்மையுள்ள நீரில், குறுகிய கால வரம்பாகவே 0.013 மில்லிகிராமைக் குறித்தது. நூற்றில் ஒரு பங்கு! நமக்கு அமிர்தமாகும் அளவே ஓடைவாழ் பிராணிக்கு விஷமாகலாம் என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டுமோ?

கார் பிரேக் தேய்ந்து உதிரும் செப்புத் தூள் மழையோடு ஓடைகளுக்கும் விரிகுடாவுக்கும் சேர்வதைக் கண்டே, பிரேக் பேடுகளில் செம்பை 2021இல் 5 சதவீதத்துக்கும் 2025இல் 0.5 சதவீதத்துக்கும் குறைக்க கலிபோர்னியா மாகாணம் 2010இல் சட்டம் இயற்றியது. சட்டத்துக்கு விளங்கிய உண்மை நமக்கும் விளங்க வேண்டும். மயில்துத்தத்தைக் குளத்தில் கொட்டுவதையும், வீட்டு வாசலில் கார் கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் விடுவதையும் நிறுத்துவோம். செம்பின் புகழைப் பாடும் உரிமை, அதன் அளவை அறிந்தவர்க்கே உரியது.