கணினி பிணங்கினால் என் செய்வது?

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திருவண்ணாமலையிலிருந்து நமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அருணாசலேசுவரர் கோயில் கொண்டுள்ள திருவண்ணாமலை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் சிற்றூர். அழைத்தவர் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர். நமது நெடுநாளைய நண்பர்.

"தம்பி, கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் சிவப்பாக ஒரு குறி வருகிறது, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பயமுறுத்துகிறது. கைப்பேசியில் தேடியபோது உதவி எண் ஒன்று கிடைத்தது. பேசினேன். வைரஸ் புகுந்துவிட்டது என்கிறார்கள். அவர்கள் சொல்லும் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, பத்தே ரூபாய் கட்டினால் அங்கிருந்தபடியே சரிசெய்து கொடுப்பார்களாம். வாத்தியார் தம்பியை ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் தொடக்கூடாது என்று இவள் பிடிவாதம் பிடிக்கிறாள்" என்றார்.

அந்த அம்மையாரின் பிடிவாதத்தை மனத்துக்குள் வாழ்த்திக்கொண்டு, எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உடனே புறப்பட்டுச் சென்றோம்.

போய்ப் பார்த்ததில் நோய் சிறியதாகவே இருந்தது. அதே வீட்டில், அதே வைஃபை இணைப்பில், கைப்பேசியில் எல்லாப் பக்கங்களும் ஒழுங்காகத் திறந்தன. ஆகவே பழுது இணைப்பில் இல்லை, கணினியில்தான் என்பது தெளிவாயிற்று. கணினியில் ஏதோ ஒரு பக்கம் மட்டுமன்றி எல்லாப் பக்கங்களுமே மறுத்தன. திரையின் வலப்பக்கக் கீழ்மூலையை நோக்கினோம். அங்கே தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது!

பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும், தான் இன்னார் என்று மெய்ப்பிக்க ஒரு மின்சான்றிதழ் வைத்திருக்கிறது. அச்சான்றிதழ் எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பழைய தேதியில் உறங்கும் கணினிக்கு அது இன்னும் பிறவாத சான்றிதழாகத் தோன்றுகிறது. ஆகவே 'நம்பாதே' என்று கூவுகிறது. மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓட்டுவதற்காக, மேசைக் கணினியின் உள்ளே நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று இருக்கிறது. ஆண்டுகள் பல சென்றதும் அது ஓய்ந்துவிடும். தேதியைத் திருத்தியதும் பக்கங்கள் எல்லாம் திறந்தன. மறுநாள், கணினியை நிறுத்தி மின்செருகியையும் கழற்றிவிட்டு, சில பத்து ரூபாய் விலையுள்ள புதிய பாட்டரியைப் பொருத்தினோம். அத்துடன் வைத்தியம் முடிந்தது.

ஆனால் அந்தப் 'பத்து ரூபாய்' வைத்தியம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நண்பரின் ஓய்வூதியச் சேமிப்பு முழுவதும் இருந்த வங்கிக் கணக்கு அதே கைப்பேசியில்தான் இருந்தது. திரையைப் பிறருக்குக் காட்டும் செயலியை நிறுவிவிட்டால், நாம் படிக்கும் ஓ.டி.பி. எண்ணை அவரும் படிப்பார். அதன் பின் பத்து ரூபாயோடு நிற்பதற்கு அவர் என்ன தர்மவானா?

ஆதலால், கணினி பிணங்கும்போது முதலில் வேண்டுவது பதற்றமின்மை. அடுத்து வேண்டுவது முறை. ஆடிப்பூரத்தில் ஆண்டாளின் தேர் நடுவீதியில் நின்றுவிட்டால் தேரை யாரும் பழிப்பதில்லை. எந்தச் சக்கரத்தின் கீழ் கட்டை கிடக்கிறது என்றே குனிந்து பார்க்கிறார்கள். அவ்வாறு பார்ப்பதற்கு நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும்.

முதற் கேள்வி: ஒரு கருவியில் மட்டும் தொல்லையா, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அக்கருவியைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றிலும் என்றால் ரௌட்டரையோ, இணைப்புத் தரும் நிறுவனத்தையோ கவனிக்க வேண்டும். இரண்டாவது: ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா, எதுவுமே திறக்கவில்லையா? ஒன்று மட்டும் என்றால் பழுது பெரும்பாலும் அத்தளத்தினுடையது, காத்திருப்பதே பரிகாரம். மூன்றாவது: நேற்று நன்றாயிருந்ததற்கும் இன்று கெட்டதற்கும் இடையே என்ன மாறிற்று? புதுச் செயலியா, இடியா, மின்தடையா, குழந்தை இழுத்த கம்பியா?

விடை கிடைத்த பின், ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். ஐந்தை ஒருங்கே மாற்றினால், குணமானாலும் எதனால் குணமாயிற்று என்று தெரியாது. மறுமுறையும் பிறர் கையையே எதிர்பார்க்க நேரிடும்.

ரௌட்டரை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்கி, இரண்டு மூன்று நிமிடம் காத்திருப்பது கேலிக்குரிய வைத்தியமன்று. நெடுநாள் ஓடிய கருவியின் நினைவகத்தில் சேர்ந்த குழப்பங்கள் நீங்கி, அது புதிதாகத் தொடங்குகிறது. ஒளியிழை இணைப்பு உள்ள வீடுகளில் எல்.ஓ.எஸ். என்று பொறித்த விளக்குச் சிவப்பாக எரிந்தால், கண்ணாடி இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அந்த மெல்லிய கம்பி மடங்கியிருக்கிறதா, செருகியில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் நிறுவனத்தாரின் வேலை. கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்து மட்டும் பார்க்கலாகாது.

ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, அடுத்த அறையில் இணைப்பு வரவில்லை என்று நொந்துகொள்வோர் பலர். இரும்பு அலையைத் தடுக்கும். வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் வைப்பதே நலம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தொலைவு குறைந்தது. பெயர் இரண்டாகத் தெரிந்தால், எங்கே உட்கார்ந்திருக்கிறோமோ அதற்கேற்பத் தேர்ந்துகொள்க.

சில நேரங்களில் பழுதே இராது, நெரிசல்தான் இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமையன்று திருவண்ணாமலை அடிவாரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு கோபுரம் தரக்கூடியதை அங்குள்ள அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒருவருக்கு வருவது துளியே. வீட்டிலும் இரவில் நால்வர் நான்கு படம் பார்க்கும்போது ஐந்தாமவர் இணைப்பைப் பழிப்பது நியாயமாகாது.

ஐப்பசி இடி மழையில், சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், கணினி, ரௌட்டர் இரண்டின் செருகிகளையும் இடி நெருங்குமுன் கழற்றிவிடுக. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, மின்கம்பி கடத்தும்.

இவ்வளவும் பொறியியல் கற்றவர்க்கே ஆகும் என்று தயங்க வேண்டாம். நாடு சுதந்திரம் பெற்று ஒரு மாதங்கூட நிறையாத 1947 செப்டம்பர் 9-ஆம் தேதியன்று, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னும் பெருங்கணினி பழுதுற்றது. ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்து வந்தவர்கள், மின்தொடர்பியொன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டார்கள். அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டியும் வைத்தார்கள். பேரறிஞர்கள் செய்ததும் கண்ணைத் திறந்து பார்த்ததுதான்.

இனி மிக முக்கியமான விஷயம். உதவி எண்ணை இணையத்தில் தேடிப் பிடிக்க வேண்டாம். வங்கியின் எண் கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ இருக்கும். இணைப்பு நிறுவனத்தின் எண் அவர்கள் அனுப்பும் ரசீதில் இருக்கும். முன்பின் அறியாதவர் சொல்லும் செயலியை நிறுவ வேண்டாம். யூ.பி.ஐ. பின் எண் பணம் கொடுப்பதற்கே வேண்டும், வாங்குவதற்கு வேண்டுவதில்லை. பணம் போய்விட்டதென்று தெரிந்தால், வெட்கத்தை விட்டு அந்தக் கணமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போகுமுன் நிறுத்துவதற்கு, கழியும் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அழுது கொண்டிருப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாள் 1995 ஆகஸ்டு 15. சுதந்திர தினத்தன்றே வந்த இந்தச் சாதனத்தை, எவனோ ஒருவன் தொலைவிலிருந்து ஆட்டிவைக்க நாம் இடங்கொடுப்பது அழகாகுமா? வீட்டுக்கு ஒருவரேனும், அது பாட்டியானாலும் பேத்தியானாலும், மேற்கண்ட மூன்று கேள்விகளையும் 1930 என்ற எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கணினி மேசையருகே ஒட்டி வைப்பாராக.

நமது நண்பரின் வீட்டில் இப்போது அத்தகைய தாள் ஒன்று இருக்கிறது. எழுதியது அந்த அம்மையார். மூன்று கேள்விகளுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், அவர் தாமாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "முதலில் என்னைக் கேட்கவும்."