கன்டெய்னர் படிப்புக்கு யார் ஆங்கிலம் சொல்லித் தருவது?

சென்னை பாரிமுனையில், சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் டாக்குமென்டேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் ரிசல்ட் வந்த கையோடு புதுப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ், பி.காம்., ஷிப்பிங்கில் டிப்ளமோ என்று கையில் சான்றிதழ் இருக்கும். பாதிக்குமேல் விழுப்புரம், செய்யாறு, அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள்; வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். எக்ஸெல்லில் விரல் பறக்கும், ஒரு முறை சொன்ன கணக்கு மறக்காது. ஆனால் கப்பல் கம்பெனிக்கு ஒரு மெயில் போடச் சொன்னால் அப்படியே உறைந்துபோகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்தப் பிள்ளைகள் மேல் அல்ல, மூன்று வருஷம் அவர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தியவர்கள் மேல்.

ஒரு பெண் எழுதிய மெயில் இன்னும் நினைவில் இருக்கிறது. திருப்பூர் பனியன் சரக்கு. கப்பல் கம்பெனி அனுப்பிய பில் ஆஃப் லேடிங் என்ற சரக்கு ரசீதின் டிராஃப்டில், வாங்குபவர் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, எங்கள் கம்பெனி இன்னது, நாங்கள் இன்ன தொழில் செய்கிறோம், பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்று மூன்று பத்தி எழுதியிருந்தாள். தவறு எங்கே என்பது நான்காவது பத்தியில் இருந்தது. சப்ஜெக்ட் வரியில் 'திருத்தம் வேண்டுதல்' என்று மட்டும் இருந்தது. புக்கிங் எண் இல்லை, கப்பல் பெயர் இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மெயில் வரும். புக்கிங் எண்ணைப் பார்த்துத்தான் திறப்பார். இதை அவர் திறக்கவே மாட்டார்.

அந்தப் பெண்ணை எப்படிக் குறை சொல்வது? கல்லூரியில் சொல்லித் தந்த கடிதத்தைத்தான் அவள் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். முதல்வருக்கு லீவ் லெட்டர், சாலை சரியில்லை என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம், நண்பனுக்கு வாழ்த்து. கல்லூரியின் 'பார்ட் டூ' ஆங்கிலத் தாளில் கடிதம் என்றால் இவைதான்.

ஓர் எழுத்துதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். கப்பல் கிளம்பி, கப்பலின் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்டும் தாக்கலான பிறகு அந்த எழுத்தை மாற்றத் தனிக் கட்டணம், தனி விண்ணப்பம், அலைச்சல். வங்கிக் கடன் கடிதத்தின் பேரில் போகும் சரக்கு என்றால் இன்னும் சிக்கல். கடன் கடிதங்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி ஆவணங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வேலை நாள். பெயர் ஒத்துப்போகவில்லை என்று வங்கி நிறுத்திவிட்டால், வாங்குபவர் சம்மதிக்கும்வரை பணம் வராது. பனியன் தைத்தவருக்கு வாரக் கூலி கொடுக்கக் காத்திருக்கும் முதலாளிக்கு அது எவ்வளவு பெரிய இடி என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஆங்கில ஆசிரியர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இலக்கியம் படித்து வந்தவர்கள். ஒரு பில் ஆஃப் லேடிங்கை அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. லாஜிஸ்டிக்ஸ் ஆசிரியரோ, மொழி என்பது ஆங்கிலத் துறையின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறார். அவர் வகுப்பில் தமிழில் விளக்குவார், பிள்ளைகள் பரீட்சைக்கு ஆங்கில நோட்ஸை மனப்பாடம் செய்வார்கள். இரண்டு துறைக்கும் நடுவில் இந்த வேலைக்கான ஆங்கிலம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கன்டெய்னர் தாமதக் கட்டணமான டெமரேஜ் என்றால் என்ன என்று கேட்டால் ஐந்து மார்க் விடை தங்குதடையில்லாமல் வரும். 'புயலால் இரண்டு நாள் கேட் மூடியிருந்தது, அந்த இரண்டு நாளுக்கான டெமரேஜைத் தள்ளுபடி செய்யுங்கள்' என்று கேட்டு நாலு வரி எழுத வராது. சம்பளம் அந்த நாலு வரிக்குத்தான்.

மனப்பாட நோட்ஸாவது சரியாக இருக்கிறதா? எஃப்.ஓ.பி. என்ற விற்பனை நிபந்தனையில் சரக்கு கப்பலின் கைப்பிடிக் கம்பியைத் தாண்டியதும் பொறுப்பு மாறும் என்று ஒரு பையன் ஒப்பித்தான். அந்தக் கம்பிக் கணக்கை, இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்கான சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸின் 2010 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். கப்பலில் ஏற்றி வைத்த பிறகுதான் பொறுப்பு மாறும். இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு, மொத்தம் 11 விதிகள். 'யார் செலவு, யார் பொறுப்பு, எந்த இடம்வரை' என்று அந்த விதிகளை வைத்து எதிர்த்தரப்புடன் பேசத்தான் மொழி வேண்டும். பையனிடம் இருந்ததோ யாரோ எப்போதோ எழுதிய பழைய ஜெராக்ஸ்.

போன் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம், மற்றதெல்லாம் சரிதானா என்று சோதிக்க வைத்தது. போனில் பி-யும் டி-யும் ஒன்றுபோலக் கேட்கும். அதற்காகத்தான் உலகமே ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்துச் சொல்கிறது. ஒரு மணி நேர வகுப்பில் சொல்லித்தந்துவிடலாம். எங்களிடம் வரும் பிள்ளைகளில் அதைக் கல்லூரியில் கேட்டு வந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. வெளிநாட்டு ஏஜென்ட் பேசினால் புரியாத இடத்தில் 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்கக்கூடப் பயந்து, 'எஸ் சார், எஸ் சார்' என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். அந்த 'எஸ்'ஸை நம்பி அங்கே ஒருவர் லாரி அனுப்பிவிடுவார்.

இதே போக்குவரத்துத் தொழிலில் மற்றவர்களுக்கு இந்தக் கதி இல்லை. 1977இல் ஸ்பெயினின் தெனரீஃப் தீவில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ரேடியோவில் பேசியது தெளிவாகப் புரியாததும் அதற்கு ஒரு காரணம். சர்வதேச விமானங்களை ஓட்டுபவரும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரும் ஆங்கிலத்தில் நான்காம் நிலையாவது எட்ட வேண்டும் என்ற விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது. கப்பலோட்டிகளுக்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஒரு சொற்றொடர்த் தொகுப்பையே ஏற்றுக்கொண்டது. தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் தனி, அதைத் தனியாகத்தான் கற்றுத்தர வேண்டும் என்று உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அதே கப்பலில் போகும் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் லீவ் லெட்டர்?

தமிழ்நாட்டில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி என்று துறைமுகங்கள் இருக்கின்றன, வேலையும் இருக்கிறது. நுனிநாக்கு ஆங்கிலம் பேசும் பிள்ளை, தொழில் தெரியாவிட்டாலும் இன்டர்வியூவில் தேறிவிடுகிறது. தொழில் தெரிந்த விழுப்புரத்துப் பிள்ளை கிடங்கில் பெட்டி எண்ணப் போகிறது. சம்பளத்தில் அன்று விழும் வித்தியாசம் வருஷக்கணக்கில் தொடர்கிறது. என் ஆதங்கமெல்லாம் இதுதான். இலக்கண சுத்தமோ உச்சரிப்போ வேலையில் யாரும் கேட்பதில்லை. அந்தத் திருப்பூர் மெயிலை எழுதிய பெண்ணுக்கு மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இன்று எங்கள் பிரிவில் ஹாம்பர்க் மெயில்களை முழுக்கப் பார்ப்பவள் அவள்தான். மூன்று மாதத்தில் முடிகிற காரியம் மூன்று வருஷத்தில் ஏன் நடக்கவில்லை?

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களே, லாஜிஸ்டிக்ஸ் படிப்பில் ஒரு செமஸ்டர் ஆங்கிலத்தையாவது இந்தத் தொழிலுக்கு ஒதுக்குங்கள். ஆங்கில ஆசிரியரும் லாஜிஸ்டிக்ஸ் ஆசிரியரும் சேர்ந்து நடத்தட்டும். நிஜமான பில் ஆஃப் லேடிங், ஷிப்பிங் பில், பேக்கிங் லிஸ்ட்டைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மெயில் எழுதுவதற்கும் போனில் பேசுவதற்கும் மார்க் வையுங்கள். தொழிலில் இருக்கும் நண்பர்களே, பழைய ஃபைல்கள் உங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. பெயர்களை அழித்துவிட்டு, உங்கள் ஊர்க் கல்லூரிக்கு ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு மத்தியானம் அங்கே நின்று, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கிவிட்டு வாருங்கள்.