சுற்றுகிறது குட்டித் தட்டு! கடலடியை அளப்பது வீண் செலவா?

"கடலுக்கு அடியில் எது இருந்தால் நமக்கு என்ன? அரிசி விலை குறையுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பதிலுக்குப் பசிபிக் மகா சமுத்திரம் வரை போக வேண்டும்.

தென் அமெரிக்காவுக்கு மேற்கே, நடுக்கடலில் ஈஸ்டர் தீவு இருக்கிறது. பெரிய பெரிய கல் சிலைகள் நிற்கும் தீவு. அதற்கும் மேற்கே, கடலடியில் ஒரு நீண்ட மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சியில் பூமி பிளந்திருக்கிறது. பிளவின் வழியே நெருப்புக் குழம்பு வருகிறது. தண்ணீர் பட்டதும் இறுகிக் கல்லாகிறது. மறுபடி பிளக்கிறது, மறுபடி குழம்பு வருகிறது. இப்படியே கடல் தரை இரண்டு பக்கமும் விலகிக்கொண்டு போகிறது.

என்ன வேகம்? ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை! ஆனால் விரல் நகம் வளர்வதைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல். அட்லாண்டிக்கில் இதே வேலை ஆண்டுக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர்தான் நடக்கிறது.

வேகமான இடத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய பிளவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளவு வளர்ந்தது. நடுவில் ஒரு துண்டுத் தரை மாட்டிக்கொண்டது. துண்டு என்றால் சின்னது அல்ல. குறுக்கே சுமார் 400 கிலோ மீட்டர். அதன் வட ஓரத்தை ஒரு பெரிய தட்டு கிழக்கே இழுக்கிறது. தென் ஓரத்தை இன்னொரு பெரிய தட்டு மேற்கே இழுக்கிறது. துண்டு என்ன செய்யும்? சுற்றுகிறது! சீடை உருட்டும்போது இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மாவு சுற்றுகிறதே, அப்படி. பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 15 டிகிரி திரும்புகிறது. அதற்குத் தெற்கே ஜுவான் பெர்னாண்டஸ் என்ற இன்னொரு குட்டித் தட்டும் சுற்றுகிறது.

ஒரு காலத்தில் இரண்டு பிளவில் ஒன்று அடங்கிவிடும். குட்டித் தட்டு பக்கத்துப் பெரிய தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றிய தழும்பு மட்டும் தரையில் இருக்கும்.

அந்தத் தழும்பு பேசும்! இந்து மகா சமுத்திரத்தின் அடியில் அப்படிச் சுற்றி ஓய்ந்த ஒரு துண்டை 2015-ல் கண்டுபிடித்தார்கள். கடல் தரைப் படம் வரைவதில் முன்னோடியான ஜாக்குலின் மாமெரிக்ஸ் என்ற பெண் விஞ்ஞானியின் பெயரை அதற்கு வைத்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது உடைந்த துண்டு அது என்பது அவர்கள் முடிவு. மோதல் தொடங்கிச் சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டு ஆகிறது என்று அதை வைத்தே கணக்கிட்டார்கள். (மற்ற விஞ்ஞானிகளுக்கு வேறு கணக்கும் உண்டு.) இமயமலை பிறந்த கதைக்குக் கடலடியில் சாட்சி!

கதை வயிற்றை நிரப்பாது என்பார்கள். சரி, உயிர்க் கணக்கைப் பார்க்கலாம். 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல், குவாம் தீவுக்கு அப்பால் கடலடி மலையில் மோதியது. மாலுமி ஒருவர் இறந்தார். அவர்கள் பார்த்து ஓட்டிய படத்தில் அந்த மலையே இல்லை. 2014 மார்ச்சில் 239 பேருடன் மலேசிய விமானம் மறைந்தது. இந்து மகா சமுத்திரத்தில் அதைத் தேடும் முன் கடலடியை அளக்கவே மாதக் கணக்கில் ஆயிற்று.

இன்றைக்கும் கடல் தரையில் கப்பல் போய்ச் சரியாக அளந்தது கால் பங்கை ஒட்டித்தான். 2030-க்குள் முழுவதையும் அளப்பது என்று 2017-ல் ஓர் உலகத் திட்டம் தொடங்கினார்கள். முக்கால் பங்கு பாக்கி நிற்கிறது. இதற்குக் கொடுக்கும் பணத்தை வீண் செலவு என்பது நியாயம் அல்ல.

கடலடியில் உலோகம் தேட மட்டும் பல நாடுகளுக்கு அவசரம். இந்தியாவும் இந்து மகா சமுத்திரப் பிளவுகளில் உலோகக் கற்களைத் தேட 2016-ல் சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்தது. தேடப் போகிற கப்பல்களே போகும் வழியெல்லாம் தரையையும் அளந்து, அந்தப் படத்தை எல்லா நாட்டுக்கும் கொடுக்கலாம். அதற்குத் தனியாக ஒரு கப்பல் வேண்டியதில்லை.