குறையுள்ள இடத்திற்கே மாத்திரை

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது அண்மைக் காலமாக ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். உணவு மேசையின்மீது ஊறுகாய்ப் புட்டிக்கு அருகே வைட்டமின் மாத்திரைப் புட்டி ஒன்று நிற்கிறது. "மருத்துவர் எழுதிக் கொடுத்தாரா?" என்று வினவினால், "இல்லை சாமி, அசதியாக இருந்தது, தெம்பு வரும் என்றார்கள், நாங்களே வாங்கினோம்" என்பதே விடை. இப்பழக்கத்தைப் பற்றி இத்திங்கள் சற்றே சிந்திப்போம்.

உணவில் மிகச் சிறிய அளவில் இருந்து, உடல் தன் தொழிலைச் செய்யத் துணைபுரியும் சத்துகளே வைட்டமின்கள். அவை குறைந்தால் நோய் வரும். குறையை நீக்கினால் நோயும் நீங்கும். 1747-ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே மற்றவரினும் விரைந்து தேறினர். அப்பழங்களில் இருந்த வைட்டமின் சி அவர்களைக் காத்தது.

இன்றும் சிலருக்கு மாத்திரை இன்றியமையாதது. கருவுற்ற முதல் வாரங்களில் ஃபோலிக் அமிலம் போதாவிடில், சிசுவின் முதுகுத்தண்டு சரிவர மூடாமற்போகும் இடர் மிகும். முன்பு இக்குறையுடைய பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடையே நடந்த ஆய்வின் முடிவு 1991-இல் வெளியாயிற்று. கருவுறுமுன்பே அம்மாத்திரையைத் தொடங்கியவர்களிடம் அவ்விடர் 72 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே மகப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் இதுபற்றி மருத்துவரை முன்னரே கேட்டறிவது நன்று. அவ்வாறே, பாலும் முட்டையும்கூட உண்ணாதவர்க்கும், முதியோர் பலருக்கும் பி12 தேவைப்படலாம்.

ஆனால், சிறிது நன்றெனில் மிகுதி இன்னும் நன்று என்று எண்ணலாகாது. காய்கனி மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதைக் கண்ட அறிஞர்கள், காரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்தை மாத்திரையாகக் கொடுத்தாலும் அப்பயன் கிட்டும் என நம்பினர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். 1994-இல் வெளியான முடிவு அனைவரையும் திடுக்கிட வைத்தது. அம்மாத்திரையை உண்டவர்களிடம் அப்புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! காரட் செய்த தீங்கன்று இது. உணவினின்று பிரித்தெடுத்த ஒரு சத்தைப் பெருமளவில் உட்கொண்டதன் விளைவு.

வைட்டமின் ஏ, டி ஆகியவை கொழுப்பில் கரைபவை; மிஞ்சினால் உடலில் தேங்கும். ஏ மிகுந்தால் கல்லீரலுக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் கேடு. டி மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிச் சிறுநீரகம் பழுதுறலாம். சி நீரில் கரைவது. உடலுக்கு வேண்டாதது சிறுநீரோடு வெளியேறும், நாம் கொடுத்த காசும் அவ்வழியே போகும்.

இவை எல்லாவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. தீராத அசதி என்பது நீரிழிவின் அறிகுறியாக இருக்கலாம். இரத்தசோகையாகவோ தைராய்டு குறைவாகவோ இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய நோயைப் புட்டி புட்டியாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் மறைத்து வைப்பது எத்துணைப் பேதைமை!

மேலும், அப்புட்டியின் விலையில் பிள்ளைகளுக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்பதைத் தாய்மார் எண்ணிப் பார்க்கட்டும். கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரையும், சந்தையில் கிடைக்கும் கொய்யாவும் நெல்லிக்காயும் வைட்டமின்களோடு வேறு பல சத்துகளையும் சேர்த்தே தருகின்றன.

மருத்துவர் பரிசோதித்து மாத்திரை உண்ணச் சொன்னால் தயங்காது உண்போம். அண்டை வீட்டார் சொன்னார் என்பதற்காக வாங்காதிருப்போம். ஏற்கெனவே வாங்கி வைத்தவர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அப்புட்டியையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.